உனக்குப் பிடித்த பதம்

மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இன்று காலையிலிருந்து மாட்டுக்கறி ரோஸ்ட் செய்கிறார்கள். கொழுப்பு உருகி அதில் முழு மிளகு பொரிகிற வாசனை படியிறங்கி என் அடுப்படிவரை வந்துவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த வாசனை வந்தால் எனக்கு உன் வீடுதான். நீ போய் இத்தனை வருடமாகியும், பின்கதவைத் திறந்து உன்னைக் கூப்பிடத்தான் முதலில் கை போனது.

தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி வரிசையில் உன் வீடு. காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. உன் வீட்டுக்காரர் மின்சார ரயிலில் கார்டு, என் வீட்டுக்காரருக்கு மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை. எண்பதுகளின் நடுவில் நாங்கள் அங்கே வந்தபோது, நீங்கள் ஆங்கிலோ-இந்தியர்கள், தமிழ் பேசமாட்டீர்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டு, பார்க்கும்போதெல்லாம் சிரித்து மட்டும் வைத்தேன். ஒருநாள் குழாயடியில் நீயே கேட்டாய். "இன்னா பானு, எப்பப் பாத்தாலும் பல்லக் காட்டிகினே கீறே, வாயத் தொறந்து பேச மாட்டியா?" அதற்குப் பிறகு நம் பேச்சை நிறுத்த ஆளில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாய். "கறி பாய் கடையிலதான் வாங்கினேன், பயப்படாம துன்னுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாய். நீ கத்தியை வைத்ததும் கறியின் உள்புறம் சிவப்பாகத் தெரிந்தது. தட்டில் இளஞ்சிவப்பாகச் சாறு ஓடியது. ரத்தம் எங்கள் மார்க்கத்தில் ஆகாது, அதை ரத்தம் என்றே நினைத்துவிட்டோம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "சிஸ்டர், இன்னும் கொஞ்சம் வேகணும் போல கீதே" என்றார். நீ முகம் சுளிக்கவில்லை. "அய்யய்யோ, வேகலயா, இதோ வந்துட்டேன்" என்று எல்லாத் தட்டையும் வாரிக்கொண்டு உள்ளே போனாய்.

வெட்டிய கறியை மறுபடி அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும்? விறகாகிவிட்டது. அதற்கு நீ செய்த வைத்தியத்தைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நாருக்குக் குறுக்கே கத்தி போட்டு மெல்லிசாக அரிந்தாய். எலும்பு வேகவைத்த சாற்றில் வெண்ணெய் போட்டுச் சூடாக்கி, துண்டுகளை அதில் முங்கவைத்து மூடினாய். "கொதிக்கவுடக் கூடாது பானு. கொதிச்சா மறுபடியும் இறுகிப்பூடும். சும்மா குளிச்சிகினு கெடக்கட்டும்." மேஜைக்கு வந்தபோது அது வாயில் போட்டதும் கரைந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் வீட்டு ரோஸ்ட் முழுக்க வெந்து, காய்ந்து, பிறகு சாற்றில் குளித்துத்தான் மேஜைக்கு வந்தது. "இந்த வருஷமாவது ஒழுங்கா வெந்துச்சா?" என்று நான் கிண்டல் செய்வதும், "போடி, வந்துட்டா பெரிய சமையக்காரி" என்று நீ சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. முதல் வருடம் உனக்குப் பதம் தப்பிவிட்டது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் உன் தொண்டையில் வந்தது அந்த நோய். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததில் எச்சில் சுத்தமாக வற்றிப்போனது. இட்லிகூட இறங்கவில்லை. டம்ளரில் கஞ்சி, டம்ளரில் பால். டிசம்பர் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலே இல்லாத குரலில் சொன்னாய். "டம்ளர்ல வேணாம் பானு. மேஜையில உக்காந்து, தட்டுல வெச்சி, ஒரே ஒரு துண்டு ரோஸ்ட்டு துன்னணும்." மிருதுவாக இருந்தால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்குத்தான் பயம். கறி காய்ந்துபோனால் உன்னால் விழுங்க முடியாது. அடுத்த கிறிஸ்துமஸ் உனக்கு இருக்காது என்பது நம் இருவருக்குமே தெரியும்.

உன் அடுப்படியில் நான் நின்றேன், நீ வாசற்படியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்று கேட்டேன். "உள்ள சிவப்பா இருக்கறப்பவே எறக்கிடணும். எங்கம்மா அப்பிடித்தான் செய்வாங்க. அப்பதான் எனக்குத் தொண்டையில எறங்கும்."

கரண்டியோடு திரும்பிப் பார்த்தேன். "அப்ப இத்தினி வருஷமா?"

"உங்களுக்கு ஆகாதே."

"உனக்குன்னு தனியா ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்கலாமே."

"ஒரே மேஜையில ஆளுக்கு ஒரு விதமா துன்னா நல்லாவா கீது?" என்றாய். சட்டியைப் பார்த்துக்கொண்டு அழுதேன். நீ கொழுப்பு உருகுது பார் என்றாய்.

நீ சொல்லச் சொல்லச் செய்தேன். கறியின் மேல் கொழுப்புத் துண்டை வைத்து நூலால் கட்டினேன். எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, மூடிமேல் தணல் போட்டு, தீயைக் குறைத்தேன். இறக்கியதும் கத்தியை எடுத்தேன். "தொடாத. இப்ப வெட்டினா சாறெல்லாம் பலகைக்குத்தான் போவும். மூடி வை." கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு வெட்டினேன். உள்ளே சிவப்பு, ஈரம். எனக்கு அருவருப்பே வரவில்லை.

முதல் துண்டை நீ வெகுநேரம் மென்றாய். தொண்டை ஏறி இறங்கும்வரை உன் வீட்டுக்காரரும் நானும் மூச்சு விடவில்லை. இறங்கியது. இரண்டாவதில் பாதிதான் முடிந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நீ சொன்னது இதுதான்: "மீதியச் சாறுல போட்டு நல்லா வேக வெச்சிடு. உன் வூட்டுக்காரரு வர்ற நேரமாயிடுச்சி."

தவக்காலம் தொடங்குமுன் நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம், எத்தனையோ பெருநாள் விருந்து. எங்கே போய் உட்கார்ந்தாலும் என் தட்டில் என்ன வைத்தார்கள் என்று நான் பார்ப்பதில்லை. பரிமாறிய பெண் கடைசியில் உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.