கரும்பலகைக்குப் பின்னால் ஒரு பாய்

என் அருமைச் சிவகாமிக்கு,

பெயரைச் சொல்லி அழைத்துவிட்டேனே என்று திடுக்கிடாதே. நீ இருந்தவரைக்கும் 'ஏளா' என்பதற்கு மேல் உன்னை நான் எதுவும் கூப்பிட்டதில்லை. கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே 'ஏளா' என்பேன், நீ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாய். அதற்கு மேல் ஒரு பெயர் நமக்குத் தேவைப்படவில்லை. இப்போது காகிதத்தில் எழுத வேண்டியிருப்பதால் முழுப் பெயரும் வந்துவிட்டது. எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. முன்பே சொல்லிப் பார்த்திருக்கலாம்.

உன் மகள் சின்ன கிளாஸ் முடித்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வலியசாலைத் தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் பெரிய கிளாஸுக்குப் போகிறாயாமே என்று கேட்கிறார்கள். அவளும் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் கிடைத்துவிட்ட மாதிரி தலையை ஆட்டுகிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிய வேண்டுமல்லவா? அவள் எறிந்ததெல்லாம் முற்றத்திலேயே விழுந்தது. கடைசியில் நான்தான் எறிந்தேன்.

உன்னிடம் ஒரு பயத்தையும் சொல்ல வேண்டும். உனக்கு ஒரு படம் இல்லை, சிவகாமி. கோட்டைப் பக்கம் படம் பிடிக்கிறவரிடம் போகலாம் என்று நான் சொன்ன போதெல்லாம், கோமதி கொஞ்சம் வளரட்டும், மூன்று பேருமாகப் போவோம் என்றாய். காய்ச்சல் அதுவரை காத்திருக்கவில்லை. நாலு வயதில் பார்த்த முகம் ஒரு குழந்தைக்கு எத்தனை காலம் நிற்கும்? இதையெல்லாம் நான் யாரிடம் போய்க் கேட்பது?

அவள் உன் பேச்சையே எடுப்பதில்லை. தெருவில் யாராவது 'பாவம், தாயில்லாப் பிள்ளை' என்று ஆரம்பித்தால் என் வேட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். நானும் பேசவில்லை. பேசினால் அவள் அழுவாளோ என்று பயம். அவள் முன்னால் நான் அழுதுவிடுவேனோ என்று அதைவிடப் பயம். மறந்துவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

பெரியவளாகி, அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? மாநிறம், நல்ல உயரம் என்றா? மாவுக் கையோடு இருக்கும்போது நெற்றியில் விழுகிற முடியைப் புறங்கையால் தள்ளுவாயே, அதை எந்த வார்த்தையில் சொல்வது? மிளகு வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு வாசற்படியில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேனே, அன்றைக்கு நீ பக்கத்தில் வந்து நின்று, “ஆகட்டும். இன்னொருக்கா பாப்போம்” என்றாய். தோசை கரிந்தாலும் உனக்கு அதே வார்த்தைதான், கோலம் கோணினாலும் அதே வார்த்தைதான். அந்தக் குரலை நான் எங்கே போய் எடுத்துவந்து என் மகளுக்குக் காட்டுவேன்?

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். கரமனை ஆற்றுக்குப் போகிற வழியில் இருக்கிறதே, நீ கோமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாயே, அதே பள்ளிக்கூடம்தான். டீச்சர் பெயர் எஸ்தர். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரப் பெண். அவர் வாயில் அந்த வகுப்புக்குப் பெயர் கிண்டர்கார்ட்டன். தெருவில் மற்ற எல்லோருக்கும் அது சின்ன கிளாஸ்.

அங்கே வருஷக் கடைசியில் பரீட்சை கிடையாது. அதற்குப் பதிலாக அம்மமார் வருகிற நாள் என்று ஒன்று வைத்திருக்கிறார். அன்றைக்குப் பிள்ளைகள் டீச்சர் ஆகிவிடுவார்கள், அம்மாக்கள் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் அம்மாவைத் தன் பாயில் உட்காரவைத்து, வருஷம் முழுக்கக் கற்றதில் ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை மணலில் எழுத்து, ஒரு பிள்ளை புளியங்கொட்டையில் கணக்கு. நம் கோமதி தென்னோலையில் பந்து முடைவது. எல்லாம் முடிந்ததும் அவல் நனைத்துக் கொடுப்பார்கள். அதற்கு வேண்டியது வீடுகளிலிருந்து போக வேண்டும். அவலும் வெல்லமும் என் தலையில் விழுந்தது. சாலைக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவன் மகள் படிக்கிற வகுப்பில் வேறு யாரிடம் போய்க் கேட்பார்கள்?

அவலுக்கு ஆள் கிடைத்துவிட்டது. பாயில் உட்கார ஆள் வேண்டுமே. எதிர்வீட்டுப் பார்வதி மதினியிடம் கேட்டேன். அவர்களும் மனசார வருகிறேன் என்றார்கள். கோமதியிடம் சொன்னதற்கு 'சரி' என்றாள். கடைக்கு வருகிறவர்கள் உப்பு இல்லையா, சரி என்று திரும்பிப் போவார்களே, அந்த மாதிரிச் சரி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

மீனம் இருபத்தைந்து என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். மீனம் என்றால் நமக்குப் பங்குனி. கடைச் சுவரில் தொங்குவது திருநெல்வேலியிலிருந்து வருகிற தமிழ்க் காலண்டர். அதில் பங்குனி இருபத்தைந்தைச் சுழித்து வைத்தேன். இந்த ஊர் மலையாள மாதம் சில சமயம் நம் மாதத்துக்கு ஒரு நாள் பிந்திப் பிறக்கும் என்பது இங்கே கடை நடத்துகிறவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சரக்கு விஷயத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மகள் விஷயத்தில் மறந்துபோயிற்று.

பங்குனி இருபத்தைந்து அன்று காலையில் பட்டுப்பாவாடை கட்டிவிடும்போதே கோமதி “இன்னைக்கி இல்லையே” என்றாள். நான்தான் சும்மா நில் என்று அதட்டினேன். மதினி அரக்குப் பட்டுச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. வண்டியில் அவல் மூட்டையும் வெல்லமும் நாங்களுமாகப் போய் இறங்கினோம். டீச்சர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லாம் அன்றாட உடுப்பில் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களை மேலும் கீழும் பார்த்த டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஒங்க பங்குனி இருபத்தஞ்சு இன்னைக்குத்தான். எங்க மீனம் இருபத்தஞ்சு நாளைக்குல்லா.”

மதினி முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் விடிந்ததும் அவர்கள் நாகர்கோவிலுக்குக் கிளம்புகிறார்கள். தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். அத்தை இல்லாமல் நடக்காது. கடையில் எடை பார்க்கத் தெரிந்தவருக்கு நாள் பார்க்கத் தெரியவில்லையா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. கோமதி எங்கள் இருவருக்கும் நடுவில் பட்டுப்பாவாடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்புவதற்கு முன் டீச்சரைத் தனியாகப் பார்த்து, அம்மா இல்லாத பிள்ளைக்கு அப்பா வந்து உட்காரலாமா என்று கேட்டேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

“ஆம்பிளையாளுக இதுவரைக்கும் வந்ததில்ல. வரப்பிடாதுன்னு நான் சொன்னதும் இல்ல.”

இதை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன முடிவு எடுப்பது? சாயங்காலம் கோமதியிடமே கேட்டேன், நாளைக்கு அப்பா வரட்டுமா என்று. அவள் என் கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். “ஒங்களுக்குப் பந்து பண்ண வராதே” என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தக் குணம் மட்டும் சந்தேகமில்லாமல் உன்னுடையது.

மறுநாள் தலை பின்னிவிட்டேன். பின்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. வாசலில் விட்டுவிட்டு நேரே கடைக்குப் போய்விடுவது என்றுதான் புறப்பட்டேன், உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அத்தனை பெண்பிள்ளைகள் கூடுகிற இடம், பாதிப் பேர் அக்கிரகாரத்து மாமிகள். அங்கே மீசையை வைத்துக்கொண்டு ஒருவன் போய் நடுவில் உட்கார்ந்தால் நாளைக்குத் தெருவில் நடக்க முடியுமா? அவளை உள்ளே அனுப்பிவிட்டு, போகிற போக்கில், நீ எட்டிப் பார்த்த அதே ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தேன்.

பாய்க்கு ஒரு அம்மாவாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா இன்னும் வந்து சேராத பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதி வாசலைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் முன்னால் கொஞ்சம் ஓலை, எதிரே ஆளில்லாத இடத்தின் முன்னால் கொஞ்சம் ஓலை என்று ஒழுங்காகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சிலர் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். முன் பாயில் இருந்த ஒரு மாமி, புருஷா எல்லாம் வந்து உட்காருவாளா என்று டீச்சரிடம் கேட்டது எனக்கும் நன்றாகக் கேட்டது. திரும்பிவிடலாமா என்று கால் யோசித்தது. டீச்சர் மூலையில் நின்ற கரும்பலகையைச் சட்டத்தோடு இழுத்துவந்து, எங்கள் பாய்க்கும் மற்றப் பாய்களுக்கும் நடுவே நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கம் ஊர் முழுக்க. இந்தப் பக்கம் உன் மகளும் நானும்.

அவள் ஆச்சரியப்படவே இல்லை. எதிரே கிடந்த ஓலையை எடுத்து என் கையில் கொடுத்து, இப்படி மடக்கு, இதை இதற்குள் விடு என்று ஆரம்பித்தாள். எனக்கு அப்பா என்ற மரியாதையெல்லாம் அங்கே கிடையாது. நானும் கவனமாகத்தான் செய்தேன். ஆனால் நாள் முழுக்கப் பொட்டலம் மடிக்கிற கை என்ன செய்யும்? அவள் சொன்னபடி மடக்கினேன், விட்டேன், இழுத்தேன். பார்த்தால் கையில் இருப்பது சீரகப் பொட்டலம். காலணாவுக்குக் கொடுப்பதுபோல நுனியைக்கூட உள்ளே செருகி வைத்திருக்கிறேன்.

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. நிதானமாகப் பிரித்தாள். நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் தள்ளிக்கொண்டாள்.

“ஆகட்டும். இன்னொருக்கா பாப்போம்.”

சிவகாமி, அது நீ. அந்த இழுப்பு, அந்த நிதானம், 'ஆகட்டும்' என்று சொல்லிவிட்டு மூச்சு விடுகிற இடம்கூட நீ. அவள் கையில் மாவு இல்லை, புறங்கையால் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. நீ தள்ளினாய், அதனால் அவளும் தள்ளுகிறாள். இது யார் சொல்லித் தந்தது என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“யாரும் சொல்லித் தரல. அம்மா இப்படித்தானே சொல்லுவா” என்றாள், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நீ போனபிறகு அவள் வாயிலிருந்து 'அம்மா' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கண்ணைப் பார்த்துவிட்டு “மொளகாயாப்பா?” என்று கேட்டாள். மிளகாய் மூட்டை பிரித்த நாட்களில் நான் கண் சிவந்து வீட்டுக்கு வருவது அவளுக்குத் தெரியும். ஆமாம் என்றேன். வேட்டி நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று அந்தப் பக்கத்தில் எவ்வளவு கேட்டதோ, தெரியாது. கொஞ்ச நேரத்தில் அதே மாமியின் குரல் வந்தது. “அந்த போர்டை எடுத்துடுங்கோ டீச்சர். கொழந்தை என்ன அழகா சொல்லிக்கொடுக்கறா, நாங்களும் பார்க்கறோம்.” கரும்பலகை மூலைக்குப் போயிற்று. என் பந்து கடைசி வரை பந்தாகவில்லை. அத்தனை அம்மாக்களும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவல் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். வெல்லம் கொஞ்சம் கூடுதல் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வருகிற வழியில் அவள் தானாகவே பேசிக்கொண்டு வந்தாள். சட்னி அரைக்கும்போது நீ அம்மியோடு பேசுவாயாமே? காலையில் முதல் தோசையைக் காக்கைக்குப் போட்டுவிட்டு, அது தின்று முடிக்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாயாமே? எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் கடையில் இருந்த நேரமெல்லாம் நீ அவளோடு இருந்திருக்கிறாய். நீ எப்படி இருந்தாய் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டும் என்றல்லவா பயந்துகொண்டிருந்தேன்? இனிமேல் நான்தான் அவளிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. இந்த விடுமுறை முழுக்க, கடையடைத்து வந்ததும், அம்மாவைப் பற்றி ஒன்று சொல் என்று அவளிடம் கேட்பேன். அழுகை வந்தால் இரண்டு பேருமாக அழுதுகொள்கிறோம். உன் பெயரை வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்வேன். சுவரில் மலையாளக் காலண்டரும் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன்.

தினமும் சாயங்காலம் எனக்கு ஓலைப்பாடம் நடக்கிறது. நேற்றும் பொட்டலம்தான் வந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு உன் மகள் என்ன சொன்னாள் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கும்,
கோமதியின் அப்பா