புத்தூர் நூலகத்துக்கு எந்த லினக்ஸ்?

இன்று காலை வெதுருகுப்பம் கிளை நூலகத்திலிருந்து வந்த பழைய கணினியைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். விசிறியில் படிந்திருந்த தூசி சூடாகி ஒரு வாடை கிளம்பியது. ஸ்ரீசிட்டி கம்பெனியில் நீ கணினிகளைப் பராமரித்த காலத்திலிருந்து உன் வீட்டு முன்னறையில் எப்போதும் இருந்த வாடை அது. உன்னிடம் பேச நிறைய இருக்கிறது. பேச முடியாததால் எழுதுகிறேன்.

சித்தூர் அலுவலகத்திலிருந்து அந்த உத்தரவு வந்த நாள் நினைவிருக்கிறது. பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது. புது விண்டோஸை இந்தக் கணினிகள் தாங்காது. அதனால் இன்டர்நெட்டைத் துண்டித்து, எல்லாவற்றையும் ஏலத்துக்கு அனுப்பிவிட வேண்டும். புதுக் கணினிகள் எப்போது வரும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. வேலைக்கு விண்ணப்பம் போட வருகிறவர்கள், ஹால் டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் எல்லோரையும் புத்தூர் நூலகரான நான்தான் திருப்பி அனுப்ப வேண்டும். ஆத்திரத்தோடு உனக்குப் போன் செய்தேன்.

"ஏலம் கீலம்னு எதுக்குடி கத்திக்கினு இருக்கே? லினக்ஸ் போட்டா அதுங்க இன்னும் ஓடும்டி," என்றாய்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வேலையை விட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் திருப்பதிக்கு டயாலிசிஸ் போய் வந்துகொண்டிருந்தாய். அந்த நிலையிலும் இந்த வேலையை நீயாகவே எடுத்துக்கொண்டாய். லினக்ஸ் இலவசம், ஆனால் அதில் பல வகை உண்டு என்று சொன்னாய். நூலகத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாக் கணினியிலும் போட வேண்டும். அதையே பென்டிரைவில் ஏற்றிப் புத்தகம் போல வீட்டுக்கும் கடன் கொடுக்கலாம். அந்த யோசனையும் உன்னுடையதுதான்.

எந்த வகை என்பதில்தான் நமக்குள் சண்டை மூண்டது. எங்கள் கணினிகளுக்கு நினைவகம் குறைவு. அதனால் மிகவும் லேசான லுபுண்டு போதும் என்றேன். நீ மின்ட் என்றாய்.

"மிஷினுக்கு லேசா இருந்தா போதுமா? குந்திக்கினு வேலை செய்யறவங்களுக்கு லேசா இருக்க வேணாமா?"

"மெதுவா ஓடினா யாரு குந்துவா?"

அடுத்த முறை திருப்பதி போனபோது மடிக்கணினியையும், லுபுண்டு ஒன்றிலும் மின்ட் ஒன்றிலுமாக ஏற்றிய இரண்டு பென்டிரைவையும் எடுத்துப் போனாய். நானும் உடன் வந்தேன். உன் முறை வரும் வரை டயாலிசிஸ் அறைக்கு வெளியே, உள்ளே இருப்பவர்களுக்காகக் காத்திருப்போரின் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கணினியைத் தள்ளினாய். இன்டர்நெட்டைத் திறந்து தெலுங்கில் அவர் பெயரை அடிக்கச் சொன்னாய். உள்ளே அவர் கணவர் படுத்திருந்தார். இதெல்லாம் எதற்கு இப்போது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. முதலில் என் லுபுண்டு. வைஃபையை எங்கே அழுத்துவது என்று தெரியாமல் அந்த அம்மாள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "செடிபோயிந்தா அம்மா?" என்று கேட்டார். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கும்போது அவர் முகத்தில் தெரிந்த பயத்தை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். பிறகு மின்ட். மெனுவைத் தானே திறந்து, தட்டுத் தடுமாறி, பெயரை அடித்து முடித்தார்.

"பயந்து போயிருக்கிறவங்களால முடிஞ்சா, எல்லாராலயும் முடியும்," என்றாய். ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்டுவதா என்று திரும்பும் வழி முழுக்க பஸ்ஸில் நான் வாதாடிக்கொண்டு வந்தேன். ஆனாலும் மின்ட் என்றே முடிவானது.

சித்தூரில் அதிகாரி செய்து காட்டச் சொன்னார். அவர் குறித்தது உன் டயாலிசிஸ் நாள். "ஒருநாள் தள்ளினா ஒண்ணும் ஆவாது, நானும் வரேன்," என்றாய். உன் கால்கள் அப்போதே வீங்கியிருந்தன. நான் கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய். காலையில் உன் நைனா உன்னைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகச் சொன்ன பிறகுதான் நான் சித்தூர் பஸ் ஏறினேன்.

அங்கே எல்லாம் நன்றாகவே போனது. தெலுங்கு வந்தது, தமிழ் வந்தது, இன்டர்நெட் வந்தது. அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஹால் டிக்கெட் பிரிண்ட் ஆகலேன்னா பிள்ளைங்க என் சட்டையைப் பிடிப்பாங்க. ஒண்ணு பிரிண்ட் போடுங்க, சூஸ்தாம், பாக்கலாம்," என்றார். அவர் அறையிலிருந்த பிரிண்டர் நாம் பார்த்தே இராத பழைய மாடல். அழுத்தினேன். அது அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

உனக்குப் போன் செய்வதைத் தவிர வழியில்லை. ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். நீ நிதானமாகச் சொன்னாய்: "பிரிண்டர் செட்டிங்கைத் திற. அந்த மாடல் பேர் இருக்காது. அதுக்குப் பக்கத்து மாடல்..." அதோடு உன் குரல் நின்றது. போன் கீழே விழும் சத்தம். யாரோ தெலுங்கில் நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். இணைப்பு அறுந்தது.

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. அதிகாரி, "ஏமைந்தி? என்னாச்சு?" என்றார். எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பாதியில் எழுந்து போனால் நீ என்னை மன்னிக்க மாட்டாய் என்பதும் தெரியும். பக்கத்து மாடலைத் தேடி அழுத்தினேன். பிரிண்டர் இரண்டு முறை முனகியது. பிறகு தாளை இழுத்தது. அதில் என்ன வந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

திருப்பதி பஸ் புத்தலப்பட்டில் ஆள் ஏற்ற நின்றபோது, கண்டக்டரிடம் நான் சண்டை போட்டது உனக்குத் தெரியாது. வார்டுக்குள் ஓடி வந்தால், நீ சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாய். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிட்டதாம். இங்கே அது அடிக்கடி நடப்பதுதான் என்றார் நர்ஸ்.

"நான் போன் பண்ணதாலயா?" என்றேன்.

"உன் போனுக்கு மயக்கம் போட நீ இன்னா கலெக்டரா?" என்று சிரித்தாய். நான் அழுதேன். கையைத் துடைத்துவிட்டு என் தோளில் வைத்தாய். "வந்துச்சா, இல்லியா? அதைச் சொல்லுடி மொதல்ல."

முதலில் புத்தூருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. எல்லாக் கணினியிலும் நீயே மின்ட் ஏற்றினாய். முதல் பென்டிரைவைக் கடன் வாங்கிப் போனவரின் மடிக்கணினி உயிர் பெற்றதைக் கேட்டுக் கை தட்டினாய். அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாய். சேதி வந்தபோது நூலகத்தில் எல்லாக் கணினியிலும் ஆட்கள் இருந்தார்கள். யாரையும் எழுப்ப மனமில்லாமல், அவர்கள் வேலை முடியும் வரை காத்திருந்து பூட்டிவிட்டு வந்தேன்.

இப்போது மற்ற கிளைகளும் கேட்கின்றன. வெதுருகுப்பம் கணினியில் நினைவகம் இன்னும் குறைவு. மின்ட் அதில் திணறுகிறது. இன்று அதில் லுபுண்டுவைத்தான் ஏற்றினேன். வைஃபை எங்கே என்று பெரிய தெலுங்கு எழுத்தில் எழுதித் திரையின் அடியில் ஒட்டினேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய் என்று தெரியும்.

எது நல்லது என்று யாராவது வந்து கேட்டால் நம் இருவர் பதிலும் என் வாயில் வருகின்றன. உன்னுடையதை முதலில் சொல்கிறேன். பிறகு என்னுடையதைச் சொல்லி, நீ குறுக்கே பேசும் நேரத்துக்குக் கொஞ்சம் நிறுத்துகிறேன். கேட்டவர்கள் நான் யோசிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.