வெட்டுக்கிளிக்கு மூன்று கடிதங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகமா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சுகத்தைச் சொல்ல இரண்டு பக்கமாவது வேண்டும். பொறுமையாகப் படி.

உன் போன் அணைந்து இன்றோடு பதினாறு நாள். காலையில் டிப்போவுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போது ஒரு தடவை, வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும் முன் ஒரு தடவை கூப்பிடுகிறேன். ஒரு பெண் குரல்தான் பேசுகிறது. தினம் மூன்று வேளை கேட்டுக் கேட்டு அவள் நம் வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். நீ கிளம்பும் முன் அந்த வெளிநாட்டு அணியின் ஒப்பந்தத் தாளின் நகலைப் பீரோவில் வைத்துவிட்டுப் போனாயே, அதிலிருந்த விலாசத்தைத்தான் எழுத்துக்கூட்டி உறையில் எழுதியிருக்கிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள் என்றுதான் எழுதச் சொன்னாள். நான் பார்த்ததை எழுதுகிறேன். இறுதி ஆட்டம் முடிந்த வாரத்தில், அம்மாவிடம் தைக்கக் கொடுத்திருந்த துணிகளை ஒவ்வொருத்தியாக வந்து திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள். ஒருத்தி மகள் கல்யாணம் தள்ளிப்போயிற்று என்றாள். ஒருத்தி வீட்டுக்குப் பக்கத்திலேயே டெய்லர் கிடைத்துவிட்டது என்றாள். ஒருத்தி கையை மட்டும் நீட்டினாள். அம்மா யாரிடமும் ஏன் என்று கேட்கவில்லை. துணியை உதறி, மடித்து, கொண்டுவந்த பையிலேயே போட்டுக் கொடுத்தாள். இப்போது சும்மா இருக்கிற மெஷினுக்குத் தினம் எண்ணெய் விடுகிறாள்.

என் பஸ்ஸில் என்ன பேசுகிறார்கள் என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். ஒன்பதாம் எண் வண்டி உன் மைதானத்தைச் சுற்றித்தானே போகிறது, காதைப் பொத்திக்கொண்டு டிக்கெட் கொடுக்க முடியாது. நீ ஆள் உயரத்துக்கு எகிறிக் கோல் போட்ட அன்றைக்கு உனக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்ததே இந்த வண்டிதான். ரசிகர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து வாயை மூடச் சொன்னாயே, அன்றைக்கும் இவர்கள் கோபப்படவில்லை. "அவனுக்குத் திமிர் இருக்கும், இருக்கட்டும். சரக்கு இருக்கிறவனுக்குத்தான் திமிர்" என்றார் நம் டிரைவர் அண்ணன். நடுவரைப் பிடித்துத் தள்ளி நீ மூன்று ஆட்டம் வெளியே உட்கார்ந்தபோதும், தப்பு நடுவர் மேல்தான் என்று இவர்களே தீர்ப்பு எழுதினார்கள். இப்போது, "வெட்டுக்கிளின்னு தெரியாமலா பேர் வெச்சோம்? வயலைத் தின்னுட்டுப் பறந்துட்டான் பாரு" என்கிறார்கள். கடைசி நிமிடப் பெனால்டியை யாராவது அப்படிக் குழந்தைக்கு உருட்டிவிடுவது போல உருட்டுவார்களா, மறுநாள் காலையிலேயே விமானம் ஏறுவார்களா என்கிறார்கள். டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த உன் படத்தை நகத்தால் சுரண்டிவிட்டார். பசையும் உன் ஒரு காதும் மட்டும் அங்கே இன்னும் இருக்கின்றன.

ஒருத்தர்தான் வேறு மாதிரி. முன் சீட்டுக் கணக்கு டீச்சர். ஊரே உன்னைத் தலையில் தூக்கி ஆடியபோது, இந்தப் பையனுக்குத் தலைக்கனம், உருப்படமாட்டான் என்று சொல்லிக்கொண்டே வந்தவர். போன வாரம் எல்லோரும் உன்னைத் திட்டும்போது திரும்பி உட்கார்ந்து கேட்டார். "கோல் அடிச்சா நம்ம பிள்ளை. அடிக்கலைன்னா எவன் பெத்த பிள்ளையோ, அப்படித்தானே?" 

தம்பி, அன்றைக்கு நீ அங்கே போய்ச் சேர்ந்து முதல்முறை பேசியபோது நான் கேட்டதைப் பற்றி எழுதவேண்டும். நீ சேர்ந்துவிட்டாயா, குளிரா என்றெல்லாம் கேட்காமல், எடுத்த எடுப்பில், "என்கிட்ட மட்டும் நிஜத்தைச் சொல்லு, யாராச்சும் ஏதாச்சும் கொடுத்தாங்களா?" என்றேன். நீ "சரிக்கா, வெச்சிடறேன்" என்றாய். அவ்வளவுதான்.

கேட்டது தப்பா? காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே கேட்டுக்கொண்டு ஊர்கிற வண்டியில் நிற்கிறவளுக்கு வேறு எது வாயில் வரும்? ஆம் என்றாலும் நீ என் தம்பிதான். இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுது. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

தம்பி,

முதல் கடிதம் வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. சேராமல் இருந்தால் நல்லது.

உன் பழைய அணியில் கால் பிடித்துவிடுகிறவர், நீ தைலக்காரர் என்று கூப்பிடுவாயே, அவர் நேற்று என் வண்டியில் ஏறினார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் இறங்கவில்லை. அடுத்த நடைக்கு இருபது நிமிடம் இருந்தது. டிரைவர் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். தைலக்காரர் என் பையையே பார்த்துக்கொண்டு, "உங்க தம்பி யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்மா. ஆனா என்னால சோறு திங்க முடியல" என்றார். பிறகு சொன்னார்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் உன் வலது முட்டி மடங்கவே இல்லையாம். உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது, இவன் ஆடக் கூடாது என்று இவர் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜரோ, இவன் இறங்காவிட்டால் மைதானத்தைக் கொளுத்திவிடுவார்கள், ஊசி போட்டு இறக்குங்கள் என்றாராம். நீயும், "நான் ஆடலைன்னா பயந்து ஓடிட்டான்னு சொல்வாங்க, போடுங்கண்ணே" என்றாயாம். இரண்டு ஊசி. இடைவேளையில் இன்னொன்று. பெனால்டி கிடைத்தபோது கேப்டன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்திருக்கிறார். மற்ற எல்லோரும் குனிந்து புல்லைப் பார்த்தார்களாம். காலே இல்லாத நீதான் போய்ப் பந்தை வாங்கியிருக்கிறாய். "பந்தை உருட்டலம்மா அவன். அதுக்கு மேல அந்தக் கால் போகல" என்றார். மறுநாளே நீ பறந்ததும் அங்கே மருத்துவர்களிடம் காலைக் காட்டத்தானாம். அக்காவிடம் சொன்னால் அம்மாவிடம் சொல்லிவிடும், அம்மா தாங்கமாட்டாள் என்றாயாம்.

நான் அவருக்கு என்னிடம் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். அவர் குடித்தார்.

வண்டி கிளம்பியது. மைதான நிறுத்தத்தில் உன் பதினொன்றாம் எண் பனியனைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் ஏறினான். முதுகில், எண்ணுக்குக் கீழே, கடையில் துணியில் தொங்குமே விலைச் சீட்டு, அதை ஊக்கால் குத்தியிருந்தான். இப்போது அதுதான் நாகரிகம், பத்துப் பேர் அப்படிப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். டிக்கெட் கொடுத்தேன். மிச்சம் கொடுக்கப் போனபோது, "வெச்சுக்கங்கக்கா. உங்க குடும்பத்துக்கு வாங்கிப் பழக்கம்தானே" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

நான் ஒற்றை விசில் அடித்தேன். டிரைவர் அண்ணன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தினார். என்ன பேசினேன் என்று முழுவதும் ஞாபகம் இல்லை. முட்டியைச் சொன்னேன். ஊசியைச் சொன்னேன். தைலக்காரர் பின் சீட்டில் இருந்தார், இதோ இவரே சொன்னார் என்று அவரைக் கைகாட்டினேன். "காலே இல்லாம உங்களுக்காக ஓடினான்டா, அவன் பேர்ல சீட்டுக் குத்திட்டுத் திரியிறீங்களே" என்று கத்தினேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. அந்தப் பையன் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பனியனைப் பிடித்து இழுத்து, முதுகுக்குக் கை எட்டாமல், அந்தச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஆனால் தம்பி, அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் உன்னை டிவியில் பார்த்தவன். நான் உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். அம்மா மெஷினில் குனிந்திருந்த வருஷங்களில் உனக்குச் சோறு ஊட்டி, மூக்கைச் சிந்திவிட்டு, முட்டி தேய்ந்து வந்தால் ஊதிவிட்டவள். அந்த முட்டியைப் பற்றித்தான் நான் கேட்டிருக்கவேண்டும். கால் எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை. ஊர் உன் முதுகில் குத்துவதற்கு முன்னால் முதல் சீட்டைக் குத்தியவள் நான்தான்.

வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். பஸ்ஸில் கேட்டதை நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அதுதான் நிஜம்.

போனை எடு. திட்டு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு.

அக்கா

*

என் தங்கமே,

இது மூன்றாவது. முதல் இரண்டும் பிரிக்காமல் நீ தங்கியிருக்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்து மேசையிலேயே கிடக்கின்றன என்று தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

நான் பஸ்ஸில் கத்தியதை யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். இரண்டே நாளில் ஊர் அப்படியே புரண்டு படுத்துவிட்டது. மைதானச் சுவரில் உன் பெயருக்கு மேல் பூசியிருந்த தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழையதைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். துணியைத் திருப்பி வாங்கிப் போனவர்கள் அதே பையோடு வந்து வாசலில் நிற்கிறார்கள். மகள் கல்யாணம் தள்ளிப்போயிற்று என்றவள் வீட்டில் மறுபடியும் தேதி குறித்துவிட்டார்களாம். அம்மா எல்லோருடைய துணியையும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்றையும் இன்னும் வெட்டவில்லை.

டிரைவர் அண்ணன் உன் படத்தைப் புதிதாகச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அழுதார் பாவம். நான்தான், "வேணாம்ணே, உள்ள வைங்க. நாளைக்கு மறுபடி சுரண்டணும்" என்றேன். கணக்கு டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்து, "எனக்கு இப்பவும் உன் தம்பி திமிர் பிடிச்சவன்தான். அவன் முழுசா இருந்தாத்தான் நான் திட்ட முடியும். வரச் சொல்லு" என்றார். இத்தனை பேர் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

சந்தோஷப்படுகிறாயா? படாதே. போன ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வீட்டு ஜன்னல்களை நொறுக்கியிருக்கிறார்கள். அவர் மனைவியும் இரண்டு பெண்களும் உள்ளே இருந்திருக்கிறார்கள். நீ போன பிறகு ஒரு ராத்திரி நம் வீட்டு ஓட்டிலும் கல் விழுந்தது, உனக்கு எழுதவில்லை. அதே கல்தான், வீடுதான் மாறியிருக்கிறது. கிளப்போ, முட்டியில் ஒன்றுமே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று அறிக்கை விட்டுவிட்டுத் தைலக்காரரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. நான் கை காட்டியதால்தான். மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடும்மா, எந்தக் காலைப் பிடிச்சாலும் பிழைச்சுக்குவேன்" என்று சிரிக்கப் பார்த்தார்.

அவர்தான் அங்கே உன் அணியில் அதே வேலை செய்கிற ஒருவரை எப்படியோ தேடிப் பிடித்து, மொழி தெரிந்த ஆளை நடுவில் வைத்துப் பேசினார். முட்டியைத் திறந்து தைத்துவிட்டார்களாம். ஆனால் உனக்கு இனி பழைய ஓட்டம் வராது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நீ அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். கதவடியில் வைக்கிற சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப் போகிறார்களாம். யாரிடமும் பேச்சில்லை. ஜன்னல் திரையைப் பகலிலும் திறப்பதில்லை. அறை ஏழாவது மாடி என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு டிக்கெட்டில் எண் மாறிப்போகிறது. எத்தனை நிறுத்தத்தில் விசில் அடிக்க மறந்தேனோ தெரியாது.

என் கடிதங்கள் கீழே கிடப்பதைச் சொன்னவரும் உன் அணியின் அந்த ஆள்தான், மூன்றையும் உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட அவரிடமே சொல்லியிருக்கிறேன். முதல் கடிதம் இருக்கிற நீல உறையைப் பிரிக்காதே. கிழித்துப் போடு. தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதைப் படிக்காதே. படித்துவிட்டாயானால், அதை எழுதியவளை ஒன்பதாம் எண் பஸ்ஸில் வந்த யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொள்.

உன்னைப் பற்றி ஊர் சொன்னதெல்லாம் என் காது வழியாகத்தான் போயிருக்கிறது. சாமி என்றார்கள், திருடன் என்றார்கள், இப்போது தியாகி என்கிறார்கள். ஒன்றிலும் நீ இல்லை. ராத்திரிச் சோற்றில் பாதியை ஒதுக்கிவைத்து என் தட்டில் தள்ளிவிட்டு எனக்குப் பசிக்கலை என்று பொய் சொல்கிறவன் ஒருத்தன் எங்கள் வீட்டில் இருந்தான். அவன் பந்து உதைப்பானா மாட்டானா என்பது எனக்கும் அம்மாவுக்கும் ஒரு பொருட்டே இல்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் தாங்கிக்கொண்டாள். நீ நினைப்பதைவிட அவள் கெட்டி. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பிள்ளை தனியாவா இருக்கான்?"

பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், பையன் தங்கம்னு நான் அப்பவே சொன்னேனே என்றார். சரிங்க, சீக்கிரம் எழுதிக்கொடுங்க என்றேன். இன்னும் பன்னிரண்டு நாள் ஆகுமாம், அதற்குப் பிறகு விசா. டிப்போவில் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. தைலக்காரர் தன் சாமான் பையையும் கட்டி வைத்திருக்கிறார், செலவை அவரே பார்த்துக்கொள்வாராம், அந்த முட்டியை என் கையால் ஒரு தடவை பார்க்காமல் விடமாட்டேன் என்கிறார். எனக்கு அந்த ஊர் மொழி தெரியாது. விமானம் ஏறத் தெரியாது. உன் விலாசத்தை மட்டும் பார்க்காமல் எழுதப் பழகிவிட்டேன். அதைக் காட்டிக்காட்டி வந்துவிடுவேன்.

நீ பேச வேண்டாம். பதில் எழுத வேண்டாம். என்னை மன்னிக்கக்கூட வேண்டாம், அதை நேரில் வைத்துக்கொள்ளலாம். திரையை மட்டும் கொஞ்சம் விலக்கு, வெளிச்சம் வரட்டும். பன்னிரண்டு நாளோ இருபது நாளோ, எண்ணிக்கொண்டே வருகிறேன்.

நான் வரும்வரைக்கும் இரு.

உன் அக்கா