டீச்சரம்மா என்றதும்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. எனக்குத்தான் ஊசியில் நூல் கோக்க இரண்டு கண்ணாடி வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல வாய் எழவில்லை, அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கடையில் யூனிஃபார்ம் துணி மலைபோல் கிடக்கிறது. போன வாரம் எதிர் வரிசை வீட்டு நர்ஸ் தன் ஏழு வயது மகளை அளவெடுக்கக் கூட்டி வந்தாள். கையைத் தூக்கச் சொல்லி டேப்பை வைத்தேன். குழந்தை வெடுக்கென்று சுருங்கிக்கொண்டது. சட்டைக்கை மறைக்கிற இடத்தில், உட்கையில், கிள்ளிக் கன்றிய தடங்கள். சில மஞ்சள் பாரித்திருந்தன, சில புதுசு.

நர்ஸ் பதறிப்போனாள். "எவன்டி பண்ணான்?" என்றுதான் அவள் வாயில் முதலில் வந்தது. குழந்தை பேசவே இல்லை. அன்று சாயங்காலமே தெரு கூடி, குழந்தையைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகிற வேன் டிரைவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தது. அவன் பிழைப்பும் போயிற்று. மறுநாள்தான் குழந்தை தேம்பித் தேம்பிச் சொன்னது, டியூஷன் டீச்சரம்மா என்று.

உனக்குத் தெரிந்த அதே டீச்சரம்மாதான்.

"ரெண்டு பெத்தவங்க, பொம்பளைக்கு அப்படி மனசு வருமா?" என்றார் மளிகைக்கடைக்காரர். "படிக்கலைன்னா கிள்ளத்தான் செய்வாங்க, அதுவும் பாசந்தான்" என்றாள் பக்கத்து வீட்டம்மா. டிரைவரை அறைய யாரும் சாட்சி கேட்கவில்லை. இப்போது குழந்தையிடம் கேட்கிறார்கள். நர்ஸே தடுமாறுகிறாள். தான் டியூட்டிக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைக்குச் சோறூட்டிய மனுஷியாயிற்றே டீச்சரம்மா!

அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? உனக்கு அப்போது ஒன்பது வயது. "டீச்சர் கதவைச் சாத்திட்டு கிள்றாங்கப்பா, அழுதா வாயில துணிய அடைக்கிறாங்க" என்று வந்து சொன்னாய். டியூஷனுக்கு மட்டம் போடப் பார்க்கிறாயா என்று சிரித்தேன். உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், அந்த அம்மாவிடமே மன்னிப்புக் கேட்க வைத்தேன். அதற்கப்புறமும் இரண்டு வருஷம் அங்கேயே அனுப்பினேன். ஒரு ஆம்பளையைச் சொல்லியிருந்தால் கத்தரிக்கோலோடு போயிருப்பேன், கண்ணு. பிறகு நீ முழுக்கைச் சட்டைதான் வேண்டும் என்பாய். தைத்துக் கொடுத்தேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று நர்ஸையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரியும் ஒரு பெண்தான். அவர் சிரிக்கவில்லை. குழந்தையோடு தனியாக உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம், "இதுக்கு முன்னாடி வேற எந்தப் பிள்ளைக்காவது இப்படி நடந்திருக்கா?" என்றார். நாக்கு நுனிவரை உன் பெயர் வந்தது. விழுங்கிவிட்டேன். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் உரிமை. "முன்பு ஒரு குழந்தை என்னிடம் சொன்னது, நான் நம்பவில்லை" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தெருவில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் தங்கள் பிள்ளைகளை டியூஷனிலிருந்து சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். டிரைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் உட்காரச் சொல்லவில்லை, அதுவும் நியாயம்தான்.

அதிகாரியின் எண் எழுதிய சீட்டை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். மனசு வந்தால் பேசு. வராவிட்டால் கிழித்துப் போட்டுவிடு. அப்பாவுக்காக எதுவும் செய்யாதே. அம்மாவிடம் இன்று காலைதான் எல்லாம் சொன்னேன். உன் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நீ அன்று சொன்னது உண்மை. இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன், நான் உன்னை நம்புகிறேன். நல்லா இரு தாயி.

உன்
அப்பா