பேசிக்கிட்டே நட

இன்று காலை பரணிலிருந்து அந்த ஷூ பெட்டியை இறக்கினேன். என் தம்பி மனைவிக்கு ஐந்தாம் மாதம். தம்பிக்கு டெல்லிக்கு மாற்றலாகி, குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை இருவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். கால் லேசாக வீங்கியிருக்கிறது, செருப்பு நுழைய மாட்டேன் என்கிறது என்றாள் அவள். நீ கேட்டிருந்தால் "பிரஷர் பாத்தியாட்டி?" என்று முதலில் அதட்டியிருப்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். நேற்றுதான் டாக்டர் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். பிறகுதான் ஸ்டூல் போட்டுப் பரணில் கையை விட்டேன். பழைய ரஜாய்ப் போர்வைக்குப் பின்னால், ஏழு வருடத் தூசியோடு பெட்டி இருந்தது.

மூடியைத் திருப்பினால் உன் கையெழுத்து. பச்சை ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக "நிறுத்து" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாய். 'ரத்தம் பட்டால். நீர் கசிந்தால். தலை சுற்றினால். நெஞ்சு வலித்தால். கெண்டைக்கால் வீங்கி வலித்தால். வலி விட்டு விட்டு வந்தால். நடக்கத் தொடங்கும் முன்பே மூச்சு வாங்கினால். உடனே டாக்டர். யோசிக்காதே.' ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழிருந்து அவள் "என்னக்கா, பல்லியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு முதல் குழந்தை மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. அந்த வாரம் ஆபீஸில் லிஃப்ட் ரிப்பேர், நான் நான்கு மாடி ஏறினேன் என்பதை வீட்டில் யாரும் மறக்கவில்லை. அடுத்த முறை தங்கியதும் திருச்சியிலிருந்து மாமியார் வந்து இறங்கினார். அன்பானவர்தான், ஆனால் அந்த அன்பு என்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. தண்ணீர் கூடக் கட்டிலுக்கு வந்தது. பாத்ரூமுக்குப் போனால் வாசலில் காவல் நின்றார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அசைந்தால் இதுவும் போய்விடும் என்று நம்பினேன். அந்தப் பயத்தை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அதே குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடியில் குடியிருந்த நீ, தரைத்தளத்து எங்கள் வீட்டுக்கு என் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வந்தாய். ஒரே செக்‌ஷனில் ஆறு வருடம் அருகருகே உட்கார்ந்தவர்கள் நாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவள் என்று உன்னை எல்லாரும் கேலி செய்வார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் தடை தாண்டி ஓடியவள், இங்கே ஃபைல் தாண்டி ஓடுகிறாள் என்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். அன்று நீ சிரிக்கவில்லை. என் தலைமாட்டில் நின்று பார்த்தாய்.

"ஏட்டி, இப்பிடிப் படுத்தே கெடந்தா பிள்ளை வளருமோ என்னமோ, உனக்குப் பயந்தான் வளரும்."

"படி ஏறினதாலதான் போச்சுங்கறாங்க."

"படி ஏறுனதால ஒண்ணும் போகல. டாக்டரே சொல்லிட்டாவல்லா? பொறவு என்ன?"

டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. நீ சொன்னபோதும் நம்பவில்லை என்பதே உண்மை. ஆனால் நீ சொன்னபோது அழ முடிந்தது. மாமியார் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாக உருட்டினார்.

அதற்கடுத்த வாரம் ஊர் முழுக்க எனக்குப் பயிற்சியாளர் ஆகிவிட்டது. எதிர் பிளாக் மாமி, தினம் குனிந்து தரை துடைத்தால் சுகப்பிரசவம் என்றார். பார்க்கில் யோகா சொல்லித் தருபவர், ஒன்பதாம் மாதம்வரை எல்லா ஆசனமும் போடலாம் என்றார். நான் போனில் ஒரு வீடியோ பார்த்து வைத்திருந்தேன். அதில் வயிறு தள்ளிய ஒரு வெள்ளைக்காரப் பெண் துள்ளித் துள்ளிக் குதித்தாள். உன்னிடம் காட்டினேன். போனைப் பிடுங்கி அணைத்தாய்.

"எவளோ ஒருத்தி ஒடம்புக்குப் போட்டது உனக்கு எதுக்குட்டி? அவ மொதல்லேர்ந்தே குதிச்சவ. நீ பஸ்ஸுக்கே ஓடாதவ. முதல்ல டாக்டரம்மாட்ட கேப்போம்."

டிஸ்பென்சரிக்கு நீயும் கூட வந்தாய். ஒரு நோட்டில் கேள்விகள் எழுதி வந்திருந்தாய். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதா, கருப்பை வாய் உறுதியாக இருக்கிறதா, ரத்த அழுத்தம் எப்படி, ரத்தம் குறைவா, எவ்வளவு நேரம் நடக்கலாம், எதைத் தொடவே கூடாது. இந்திக்காரி அந்த டாக்டர், முழுக்கக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சலோ, பில்குல் சலோ" என்றார். நட, தாராளமாக நட. வெளியே வந்ததும் நீ என் மாமியாரிடம் அதையே தமிழில் சொன்னாய், கூடவே இரண்டு மடங்கு மரியாதை சேர்த்து. மறுநாள் காலை நான் நடக்கப் போகத் தண்ணீர் பாட்டிலை அவரே நிரப்பி வைத்திருந்தார்.

சரோஜினி நகர் மார்க்கெட்டில் இந்த ஷூவை வாங்கினோம். கால் வீங்கும், விரல் பரப்பி நிற்க இடம் வேண்டும் என்று ஆண்கள் ஷூவாகப் பார்த்து, "பையா, ஏக் நம்பர் படா" என்று ஒரு நம்பர் பெரிதாகக் கேட்டாய். உன் இந்தியைக் கேட்டுக் கடைக்காரர் "மதராஸி மேடம்" என்று சிரித்தார். அன்று மாலைதான் மூடியில் இதை எழுதினாய்.

முதல் வாரம் பத்து நிமிடம். வெயில் ஏறும் முன், ஆறு மணிக்கே. பிறகு பதினைந்து, பிறகு அரை மணி. வாரத்தில் ஐந்து நாள், இரண்டு நாள் ஓய்வு. உன்னுடைய ஒரே சட்டம் வேறு.

"பேசிக்கிட்டே நட. முழுசா ஒரு வரி பேச வரணும். பாதியில மூச்சு வாங்குச்சுன்னா வேகம் கூடிட்டுன்னு அர்த்தம். பாட்டே பாட வருதுன்னா நீ நடக்கல, உலாத்துத."

பேசுவதற்கு என்னிடமா சொல்ல வேண்டும்! மாமியாரைப் பற்றி, செக்‌ஷன் ஆபீசரின் மீசையைப் பற்றி, பிள்ளை பிறந்தால் தமிழ்ப் பள்ளியில் சேர்ப்பதா இங்கிலீஷ் பள்ளியா என்பது பற்றி, லக்ஷ்மிபாய் நகரின் எல்லா பிளாக்கையும் சுற்றிச் சுற்றிப் பேசினேன். நீ "ம்" கொட்டிக்கொண்டு வருவாய். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை. கையும் காலும் ஊன்றி முதுகை வளைத்து நிமிர்த்துவது. சிறுநீரை அடக்குவது போல உள்ளே இறுக்கி விடுவது, அதை மட்டும் நீ கிசுகிசுத்துச் சொன்னாய். நான்காம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்து எதுவும் செய்யாதே என்றாய். ஒரு நாள் உற்சாகத்தில் பத்தை முப்பது ஆக்கினேன். உனக்கு வந்ததே கோபம்!

"மெடலா குடுக்கப் போறாவ? மறுநாளும் செய்ய முடியுத அளவுக்குத்தான் செய்யணும். இது ஓட்டப் பந்தயம் இல்லட்டி."

ஐந்தாம் மாதத்தில் குழந்தை அசைந்ததும் மாமியாரிடம் சொல்வதற்கு முன் இரண்டு மாடி மேலே உனக்குப் போன் செய்தேன். நீ இறங்கி வந்து என் வயிற்றில் கை வைத்து நின்றாய். நான் பயப்படாமல் தூங்கிய முதல் நாள் அது.

பிறகு தீபாவளி வந்தது, கூடவே புகையும் வந்தது. காற்று மோசம் என்று போன் காட்டிய நாளெல்லாம் வெளியே போகக் கூடாது என்று தடை போட்டாய். ஜன்னலை அடைத்து, ஹாலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து ஹாலுக்கும் நடந்தோம். "ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளயே மார்ச் பாஸ்ட் போறாளுங்க" என்று மாமியார் சிரித்தார். அப்போது அவர் உன் கட்சிக்கு வந்துவிட்டார்.

அந்த நவம்பரில் டெல்லியில் இருமாதவர் யார்? செக்‌ஷனில் பாதிப் பேருக்கு மூச்சு இரைத்தது. எல்லாவற்றுக்கும் எல்லாரிடமும் ஒரே பதில் இருந்தது: புகை. அதனால்தான் நீ என் வீட்டிலிருந்து மேலே ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் நிற்கிறாய் என்பது எனக்குத் தெரிந்தும் தெரியவில்லை. உன் செருப்புச் சத்தம் நிற்கும். சிறிது நேரம் கழித்து மறுபடி தொடங்கும். ஒரு நாள் கதவைத் திறந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாய், உதடு வெளுத்திருந்தது.

"பாத்தியா, தடை தாண்டி ஓடினவளுக்கே மூச்சு வாங்குது! ஆறு மாசம் சும்மா உலாத்தினா இப்படித்தான்" என்று நான் கேலி செய்தேன்.

நீ சிரித்தாய். "எல்லாம் இந்த ஊருப் பொகைட்டி. பொங்கல் கழிஞ்சா சரியாயிரும்."

நானும் சிரித்துக் கதவைச் சாத்தினேன். என்னை நான் மன்னிக்காதது அந்தக் கதவுக்காகத்தான்.

டிசம்பரில் காற்று கொஞ்சம் தெளிந்த மதியங்களில் மறுபடி பார்க்குக்குப் போனோம். நீ எனக்கு அரையடி பின்னால் வந்தாய். விழுந்தால் பிடிக்க வருகிறாய் என்று நினைத்தேன். உன் "ம்" குறைந்தது. நான் சொல்வதை உற்றுக் கேட்கிறாய் என்று நினைத்தேன். எட்டு மாத வயிற்றோடு நான் முழு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு போனேன், என் மூச்சு அத்தனை சீராக இருந்தது. நீ என்னைப் பேச வைத்தாய். உன்னைப் பேச வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் மகள் பிறந்தாள். நீ அவளைக் கையில் வாங்கி, "பாத்தியாட்டி, படி ஏறி வந்துட்டா" என்றாய். அவளுக்கு நாற்பது நாள் ஆனபோது நீ ஆபீஸ் படியில் உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரி, நாலாம் நாள் நீ இல்லை. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் இருதயத்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி வைத்திருந்ததாம். டாக்டர் உன் அண்ணனிடம் "கப் ஸே?" என்று கேட்டார். பாளையங்கோட்டையிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கிய அந்த மனிதருக்கு இந்தி தெரியாது. என் பக்கம் திரும்பினார், எப்போதிலிருந்து என்று கேட்கிறார் என்றேன்.

"எப்பம்லேர்ந்துன்னு கேக்காவளோ? நீங்கதான் தெனமும் கூட நடப்பீயளாமே. எப்பம்லேர்ந்து மூச்சு வாங்குச்சும்மா?"

தெரியாது என்றேன். தினமும் உன்னோடு நடந்தவள், தெரியாது என்றேன். முன்பே கொண்டு வந்திருந்தால் செய்வதற்கு வழி இருந்தது என்று டாக்டர் சொன்னதை உன் அண்ணனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நான்தான். சொன்னேன்.

உன் மேல் எனக்குக் கோபம் உண்டு, கேள். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையா? மூடியில் பச்சை மையில் எழுதியவள் நீ. நடக்கத் தொடங்கும் முன்பே மூச்சு வாங்கினால் யோசிக்காதே என்று எழுதிவிட்டு, நாலு மாதம் யோசித்தாயா? எனக்கு ஒரு டாக்டர், ஒரு நோட்டு நிறையக் கேள்வி. உனக்கு மட்டும் புகையா? இதைக் கேட்கத்தான் ஏழு வருடமாக ஆசை. கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "எனக்கென்னட்டி, பிள்ளையா இருக்கு வயித்துல?" என்பாய்.

இன்று மாலை தம்பி மனைவியை அழைத்துக்கொண்டு பார்க்குக்குப் போனேன். உன் ஷூ, அவள் காலுக்குச் சரியாக இருந்தது. உன் ஷூ என்கிறேன் பார், என்னுடையதுதான். உன் சட்டத்தைச் சொன்னேன். அவள் மதுரைக்காரி, பேச்சுக்குப் பஞ்சமில்லை. இரண்டு சுற்றுக்குள் அவள் அம்மா வீட்டுக் கதை முழுவதும் வந்துவிட்டது. நான் "ம்" கொட்டிக்கொண்டே நடந்தேன். திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க பேசவே மாட்டேங்கறீங்களேக்கா. நான் மட்டும் பேசினா எப்படி? நீங்களும் பேசுங்க."

"என்ன பேச?"

"ஏதாச்சும். இந்தச் சட்டத்தை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

உன் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது. அவள் உடனே நின்றாள். என் கையைப் பிடித்து அருகிலிருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"மூச்சு வாங்குதாக்கா?" என்று கேட்டாள்.

இவ்வளவுதான். நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் அவளுடைய ஸ்கெட்ச் பேனாவை வாங்கினேன். பச்சை இல்லை, ஊதாதான் இருந்தது. "யாருக்கும்மா லெட்டர்?" என்று கேட்டாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் மூடியில் உன் கடைசி வரிக்குக் கீழே எழுத எழுத, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்: 'கூட நடக்கிறவளையும் பேச வை.'