வழியனுப்ப வந்தவர்கள்

நிலவு, வடபள்ளம் ரயில் நிலையம்
தீப்பாதுகாப்புப் பதிவு. பொறியாளர்: செல்லத்துரை

9 மார்ச் 2117, காலை 9.10

புதுப்பிப்பு வேலை, 212ஆம் நாள். நிலத்தடி நடைமேடையின் மூன்று படிக்கட்டுகளில் இரண்டு அடைப்பு, ஒன்று திறப்பு. தூசி பறக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்து உயிரை வாங்கியதால் புகை உணரிகளுக்கு உறை மாட்டிவிட்டோம். ஆகவே புகையை இழுக்கும் பெரிய விசிறி தானாக ஓடாது. நடைமேடைக் கோடியில் இருக்கும் விசிறி அறையில் ஓர் ஆள் உட்கார வேண்டும். இன்று நான்.

செவ்வாய்க் கப்பல் இன்று கிளம்புகிறது. ஏவுதள ரயிலுக்கு 640 சீட்டு. என் மைத்துனனும் போகிறான், ஆறு வருட ஒப்பந்தம். அவனை வழியனுப்ப என் மனைவி மங்கையும் வீட்டிலிருந்து இன்னும் ஆறு பேரும் வந்திருக்கிறார்கள். அவன் ஒரு பெட்டி கொண்டு போகலாம், இவர்கள் நான்கு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மற்றவை வழக்கம்போல்.

9.34

தீ. அடைத்த படிக்கட்டில் பற்றவைப்பு வேலை நடந்தது. பொறி விழுந்து சுவருக்குள் இருந்த பழைய நுரைப்பஞ்சு பிடித்துக்கொண்டது. விசிறியைப் போட்டுவிட்டேன். முகமூடி அணிந்துவிட்டேன். இனி நான் பேசப் பேசக் கருவி எழுதிக்கொள்ளும்.

நிலவில் ஈர்ப்பு குறைவு. புகை சட்டென்று மேலே எழும்பாது, மூக்கு மட்டத்தில் பரவும். விசிறி அதை என் பக்கம் இழுக்கிறது, அதனால் படிக்கட்டுப் பக்கம் மூச்சு விட முடிகிறது. எனக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் தீ. கூட்டம் ஏறி முடித்த பிறகுதான் மீட்புக் குழு அதே படியில் இறங்கி என்னிடம் வர முடியும்.

என் கணக்குப்படி ஒன்பது நிமிடத்தில் நடைமேடை காலி. முகமூடியில் காற்று முப்பது நிமிடம். தாராளம்.

9.44

பத்து நிமிடம் ஆயிற்று. படிக்கட்டுக் காவலர் ஜெபமணி வானொலியில்:

"ஸார், பாதி கூட நகரலையே. ரெண்டாயிரம் பேருக்குக் கொறையாது ஸார்."

எந்த ஊரிலோ யாரோ போட்ட அட்டவணை. ஐந்து பயணிக்கு ஒருவர் வழியனுப்ப வருவார் என்று அதில் இருந்தது. அப்படியே எடுத்து எழுதினேன். அந்த எண்ணிக்கையை நம்பித்தான் இரண்டு படிகளை அடைக்கக் கையெழுத்துப் போட்டேன். நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? என் வீட்டிலிருந்தே ஒருவனுக்கு ஏழு பேர். காலையில் அதைச் சொல்லிச் சிரித்தேனே தவிர கணக்கைத் திருத்தவில்லை. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

தற்காலிக மின்சாரம், விசிறி மோட்டார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சூடாகி நின்றுவிடுகிறது. கையால் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். மங்கை மேலே போனாளா தெரியவில்லை.

9.53

ஜெபமணி: "ஸார், மேல போனவங்க திரும்பி எறங்கி வாராங்க. அவங்க ஆள்ல ஒருத்தரக் காணலையாம். சொன்னா கேக்க மாட்டேங்காங்க. படி அப்படியே நிக்குது."

ஏழு பேராக வந்தவர்கள் ஆறு பேராக எப்படிப் போவார்கள். இதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

9.55

ஒலிபெருக்கியில் பொய் சொன்னேன். "எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். கீழே யாரும் இல்லை. யாரும் இறங்க வேண்டாம்." மூன்று முறை சொன்னேன்.

ஜெபமணி: "திரும்புதாங்க ஸார். படி நகருது."

கீழே இன்னும் எழுநூறு பேர் நிற்கிறார்கள். அவர்களும் அதைக் கேட்டார்கள். என்னை மன்னிக்கட்டும்.

10.02

காற்று இரண்டு நிமிடம். கதவிடுக்கு வழியாகப் புகை. மோட்டார் பொத்தானை ஏழாவது முறை அழுத்தினேன். சூட்டில் கை கொப்பளித்துவிட்டது.

ஜெபமணி: "இன்னும் நூறு பேரு இருக்கும் ஸார். உங்க வீட்டம்மா மேலதான் நிக்காங்க. ஒண்ணும் ஆகல."

அழுதேன். முகமூடிக்குள் அழக் கூடாது.

10.04

முகமூடியைக் கழற்றிவிட்டேன். அதில் ஒன்றுமில்லை. தரையில் படுத்து

ஜெபமணி: "ஸார், உங்க வீட்டம்மா கீழ எறங்கணுங்காங்க."

"கீழ யாரும் இல்லன்னு சொல்லுங்க. மைக்குல சொன்னதையே சொல்லுங்க."

"சொன்னேன் ஸார். மைக்குல பேசினதே அவருதான், அந்தக் கொரல் எனக்குத் தெரியாதாங்காங்க."

10.05

"ஸார், என்னத் தள்ளிட்டு எறங்கிட்டாங்க ஸார். கடைசி ஆளுங்க இன்னும் படியில ஏறுதாங்க, மீட்புக் குழு எறங்க முடியல."

10.06

மோட்டார் நின்றது. அழுத்தினேன். ஓடுகிறது. இன்னும் நான்கு நிமிடம் ஓடும். ஜெபமணி, அவளைப் பிடிங்க. கையைப் பிடிச்சு இழுங்க. அடுத்த தடவை நின்னா புகை படிக்குத் திரும்பும், அழுத்த நான்

10.10

நின்றது. மங்கை படியில். பொத்தான் எங்கே