விமானமா, கண்மாயா?

3 பிப்ரவரி 1997, திங்கள்

பருத்திக்கொட்டை லோடு ஆறு மணிக்கு வரும் என்றான், பதினொன்றுக்கு வந்தது. அதுவரை கடை வாசலில் நாலு மாட்டுக்காரர்கள் நின்று என்னைத் திட்டினார்கள். நான் லாரி டிரைவரைத் திட்டினேன். கணக்கு நேராகிவிட்டது.

சாயங்காலம் சின்னத்துரை வந்தான். பங்குனிப் பொங்கல் கமிட்டிக்குச் செயலாளர் அவன்தான். இந்த வருஷம் பட்டிமன்றத் தலைப்பு: ‘நாட்டுக்கு இன்று தேவை போர் விமானமா? பாசனக் கண்மாயா?’ கண்மாய் அணிக்கு நான் தலைவர். கேட்கவா வேண்டும்! பாளையம்பட்டியில் புண்ணாக்கு விற்கிறவன் கண்மாய்க்குப் பேசாமல் வேறு யார் பேசுவது? இருபது வருஷமாக இந்த மேடையில் நான் எந்தப் பக்கம் பேசினாலும் அது நிலத்தில் பாடுபடுகிற ஏழை சம்சாரி பக்கமாகத்தான் இருந்திருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே.

6 பிப்ரவரி

பழைய பேப்பர்க் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். நம் நாட்டிலேயே ஒரு போர் விமானம் செய்கிறோம் என்று எண்பத்து மூன்றில் ஆரம்பித்தார்கள். முதலில் ஐநூற்றுச் சொச்சம் கோடி என்றார்கள், இப்போது இரண்டாயிரத்துச் சொச்சம். இன்ஜின் அமெரிக்காக்காரனுடையது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கொட்டகையிலிருந்து வெளியே உருட்டிக் காட்டினார்கள், அவ்வளவுதான். இன்னும் பறக்கவில்லை.

பதினாலு வருஷம்! சட்டென்று வசனம் வந்துவிட்டது. “பதினாலு வருஷத்தில் ராமபிரான் வனவாசமே முடித்து வீடு திரும்பிவிட்டார். இவர்கள் விமானம் இன்னும் கொட்டகையை விட்டுக் கிளம்பவில்லை.” முருகலட்சுமியிடம் சொல்லிப் பார்த்தேன். அரிசி களைந்துகொண்டே சிரித்துவிட்டாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என் மேடைப் பேச்சுக்கு அவள் சிரித்தது இது மூன்றாம் தடவை.

16 பிப்ரவரி, ஞாயிறு

மகள் தங்கச்செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். நரிக்குடிப் பக்கம், முருகலட்சுமியின் அண்ணன் கொண்டுவந்த இடம், தூரத்துச் சொந்தம். அப்பா சோலைச்சாமி விவசாயம். பையன் ராம்குமார், பெங்களூரில் சர்க்கார் வேலை, இன்ஜினியர். அதிகம் பேசாதவன். கேட்டதற்குப் பதில் சொல்கிறான், சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறான். அப்பாவும் அப்படியே. ஆகவே ஒன்றரை மணி நேரமும் நானே பேசினேன். சோலைச்சாமி துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல ரசிகர்.

தங்கத்துக்குப் பிடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், வாயைத் திறந்து சொல்லாமல் அம்மா காதில் சொன்னாளாம். அதற்கப்புறம் மீதமிருந்த கேசரி முழுவதையும் அவளே சாப்பிட்டாள்.

கிளம்பும்போதுதான் பையனிடம், எந்த டிபார்ட்மெண்டு தம்பி என்று கேட்டேன். “போர் விமானம் மாமா. புதுசா செய்றாகள்ல, அது. சக்கரமும் பிரேக்கும் எங்க பிரிவு.”



17 பிப்ரவரி

ராமரை என்ன செய்வது?

19 பிப்ரவரி

முருகலட்சுமி நேரடியாகச் சொல்லிவிட்டாள். “ஒரு வருசம் வாயை மாத்தி வச்சா கொறஞ்சா போவீக? அந்தப் பையன் பொழப்பையே மேடையேறித் திட்டுவீக, அவுக பாக்கு வெத்தலை மாத்த வருவாகளா?”

யோசித்துப் பார்த்தால் சரிதான். வெளியே அணி மாறினால் என்ன, உள்ளே நான் நான்தானே? இப்படி எனக்கு நானே பேசிப் பேசி என்னை ஜெயித்துவிட்டேன். சின்னத்துரையின் ஜவுளிக்கடைக்குப் போய், விமான அணிக்கு என்னைப் போடு என்றேன். நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. விமான அணிக்கு இருந்த அய்யப்பன் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சந்தோஷமாகக் கண்மாய்க்கு வந்துவிட்டார். தங்கத்திடம் எதுவும் சொல்லவில்லை. எதற்கு?

10 மார்ச்

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பழைய ரஷ்ய விமானங்கள் அடிக்கடி விழுகின்றன. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுப் பையன்கள் சண்டை இல்லாமலே சாகிறார்கள். மகனை அப்படிப் பறிகொடுத்த ஒரு தாயார் பேப்பரில் சொல்லியிருந்ததை இரண்டு தடவை படித்தேன், மனசு கேட்கவில்லை. சொந்தமாக நல்லதாக ஒன்று செய்யச் செலவாகத்தான் செய்யும், தாமதமாகத்தான் செய்யும். பதினாலு வருஷமாக இதை நான் யோசித்ததே இல்லையே. வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்காகவா மாறினேன்? இல்லையே.

5 ஏப்ரல், சனி

ஜெயித்தோம்.

ஏழு மணிக்கு ஆரம்பம். தெரு கொள்ளாத கூட்டம். சம்பந்தியாகப் போகிறவர் வருவார் என்று தெரியும், இப்படி வருவார் என்று தெரியாது. ஒரு லாரி பிடித்து இருபது இருபத்தைந்து பேரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எல்லாரும் வெயிலில் காய்ந்த சம்சாரிகள். மாப்பிள்ளை வீட்டார் என் பேச்சைக் கேட்க லாரியில் வந்திருக்கிறார்கள்! எனக்குத் தலை கால் புரியவில்லை.

அய்யப்பன் சார் கண்மாய்க்குப் பேசினார். பாவம், புள்ளிவிவரத்தைப் பார்த்து வாசித்தார். நான் எழுந்தேன். அந்தத் தாயாரைப் பற்றிச் சொன்னேன், பெண்கள் பக்கம் அமைதியானது. பிறகு ராமர் வசனத்தைத் திருப்பிப் போட்டேன். “பதினாலு வருஷமாச்சே என்கிறார்கள். ராமபிரானுக்கும் பதினாலு வருஷம்தான் ஆனது. ஆனால் திரும்பி வரும்போது எதில் வந்தார்? கண்மாய் வழியாக நீந்தியா வந்தார்? புஷ்பக விமானத்தில் வந்தார்!” தெருவே கைதட்டியது.

கைதட்டல் அடங்கும்போது பார்க்கிறேன், சோலைச்சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போடுகிறார். கூட வந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். முன்வரிசை காலி. அதற்கப்புறம் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. நடுவர் எங்கள் அணிக்குத் தீர்ப்புச் சொன்னார், மாலை போட்டார்கள், அந்த மாலையோடு வீட்டுக்கு வந்தேன். தங்கம் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

6 ஏப்ரல்

மைத்துனர் வந்து சொன்னார். நரிக்குடிக்காரர்கள் ஜாதகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

இந்தப் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மைத்துனர் மற்றதையும் சொன்னார். சோலைச்சாமிதான் அவர் ஊர்க் கண்மாய்ப் பாசனக்காரர்களுக்கெல்லாம் ஆயக்கட்டுத் தலைவராம். இடிந்த மடையைக் கட்டச் சொல்லி எட்டு வருஷமாக மனு எழுதுகிறாராம். தலைப்பைக் கேள்விப்பட்டதும் ‘பாளையம்பட்டி அண்ணாச்சி நம்ம கண்மாய்க்குப் பேசப் போறாக’ என்று ஊரைக் கூட்டி, கைக்காசு போட்டு லாரி பிடித்திருக்கிறார். நோட்டீஸை அவர் படிக்கவே இல்லை. நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்றுதான் இருபது வருஷமாக ஊருக்கே தெரியுமே, பிறகு நோட்டீஸ் எதற்கு?

ஒன்றரை மணி நேரம் என் வீட்டில் உட்கார்ந்திருந்த மனுஷனிடம், ஒங்க ஊர்ல தண்ணி எப்படி என்று ஒரு வார்த்தை நான் கேட்டேனா? அடப்பாவி, கேட்டேனா?

8 ஏப்ரல்

முருகலட்சுமி சமைக்கிறாள், பரிமாறுகிறாள், பேசவில்லை. யோசனை சொன்னவளே அவள்தான், ஆனால் அதை இப்போது எடுத்தால் வீடு இரண்டாகிவிடும்.

தங்கம் இன்று பேசினாள். நோட்டுத் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல். “எனக்கு அவுகளைப் பிடிச்சிருந்துச்சுப்பா. அது போனாப் போகட்டும். ஆனா இத்தன வருசம் ஒரே பக்கம் பேசுன ஆளு, என்னைக் காரணம் வச்சு மாத்திட்டீகளே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லிருப்பேன்ல?”

கடைக்கு வந்து தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் தூசி விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

13 ஏப்ரல், ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் திருச்சுழி பஸ் பிடித்து, அங்கிருந்து நரிக்குடி, அப்புறம் மூன்று மைல் நடை. நல்ல வெயில். சோலைச்சாமி வாசலில் நின்று வாங்க அண்ணாச்சி என்றார், மோர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க நல்ல தமிழில் நாலு வரி யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தப்புப் பண்ணிட்டேங்க என்றேன், அவ்வளவுதான்.

அவர் என்னைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனார். மடை வாயில் கல் சரிந்து கிடக்கிறது. மணல்மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழையில் பிடித்த தண்ணீர் தை பிறக்குமுன் ஒழுகிவிடுகிறது, நெல் பால் பிடிக்கிற நேரம் வயல் காய்ந்துவிடுகிறது. இந்தத் தடவை நானே பேசாமல், எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார்.

“மகன் அங்க பிளேனு செய்யுறான். வேண்டாம்னு நான் சொல்லலை, படிச்ச படிப்புக்கு நல்ல வேலைதான். ஆனா அப்பன் இங்க மணல்மூட்டை அடுக்குறேன். அவன் வேலைக்கு எதிரா நான் எந்திரிச்சுப் பேச முடியுமா? நீங்க பேசுவீகன்னுதான் வந்தோம்.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த மனுஷருக்காக நான் பேசவேண்டிய ஒரே நாளில் அவரைக் குஷிப்படுத்துகிறேன் என்று மாறிப் பேசியிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள்.

வைகாசிக்கு முன்னால் ஆயக்கட்டுக்காரர்கள் கூட்டம் ஒன்று கரையில் வைத்திருக்கிறார்களாம். நான் வந்து பேசட்டுமா என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். பஸ் ஏற்றிவிடும்போது, “வாங்க” என்றார்.

11 மே, ஞாயிறு

நானும் முருகலட்சுமியும் தங்கமும் சோலைச்சாமி ஊர்க் கூட்டத்துக்குப் போனோம். காலை ஒன்பது மணி, கரையில் ஆலமரம், மைக் கிடையாது. இருநூறு பேர் இருக்கும். பேசினேன். எட்டு வருஷ மனுவைத் தேதி வாரியாகச் சொன்னேன். ஒரு விமானத்தில் ஒரு சக்கரத்துக்கு ஆகிற செலவில் இந்த மடையைக் கட்டலாம் என்றேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன், கூட்டத்துக்குப் பின்னால் ராம்குமார் நிற்கிறான், லீவில் வந்தவன். சக்கரமே அவனுடைய பிரிவுதான். போச்சு என்று நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் மொக்கையன் என்கிற பெரியவர் அவனைப் பார்த்துக் கேட்டார். ஏம்ப்பா, ஒங்க பிளேனு எப்பத்தான் பறக்கும்? எல்லாரும் திரும்பினார்கள்.

“தெரியாது பெரியப்பா. இந்த வருசம் பறக்காது. அடுத்த வருசமும் சந்தேகந்தான். செலவு நாங்க சொன்னதுக்கு மேல ஆயிருச்சு, அது நெசம். மாமா சொன்ன சக்கரக் கணக்கு மட்டும் கொஞ்சம் தப்பு. ஒரு சக்கரத்துக்கு மடையில பாதிதான் வரும்.”

கரை முழுக்கச் சிரிப்பு. இருபது வருஷ மேடையில் நான் ஒரு நாளாவது தெரியாது என்று சொன்னதுண்டா? இருநூறு பேர் நடுவில், சொந்த வேலையைப் பற்றி, கூச்சப்படாமல் சொல்கிறான். இவனுக்குத்தான் என் மகள் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ஆனால் இந்தத் தடவை முதலில் தங்கத்திடம் கேட்டேன். “சக்கரக் கணக்கை நானும் சரிபாத்துட்டேன்ப்பா, அவுக சொன்னதுதான் சரி” என்றாள்.

சோலைச்சாமி வீட்டில் சாப்பாடு. ஜாதகப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆவணியில் நல்ல நாள் பார்க்கச் சொன்னார்.

4 செப்டம்பர், வியாழன்

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மடை அப்படியே கிடக்கிறது, விமானமும் அப்படியே நிற்கிறது. இது ஒன்று நடந்தது.

வாழ்த்திப் பேசச் சொல்லிச் சின்னத்துரை மைக்கைக் கையில் திணித்தான். மாலையும் கழுத்துமாக நின்ற தங்கத்தைப் பார்த்தேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

23 மார்ச் 1998, திங்கள்

சின்னத்துரை வந்து இந்த வருஷத் தலைப்பைச் சொன்னான். முதலில் மற்றவர்கள் எந்தப் பக்கம் கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சொல், நான் அப்புறம் பார்க்கிறேன் என்றேன். உடம்புக்கு நல்லாருக்கா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுப் போனான்.

மத்தியானம் தங்கத்தின் கடிதம். சோலைச்சாமி அறுவடை முடித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு மாசமாக இருக்கிறார். இந்த வருஷம் நல்ல மழை, மணல்மூட்டையோடேயே கரை சேர்ந்துவிட்டார்கள். முருகலட்சுமி கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்க, நான் வாசித்தேன்.

“மாமாவும் இவுகளும் தெனமும் சாப்பாட்டுக்கு உக்காந்ததும் ஆரம்பிச்சிருவாக. இத்தன கோடிக்கு எத்தன மடைன்னு மாமா கேப்பாக. பழைய விமானத்துல சாகுற பையனுக்கு என்ன பதில்னு இவுக கேப்பாக. நேத்து குழம்புல உப்பே போடல, ரெண்டு பேரும் கவனிக்காமச் சாப்பிட்டு எந்திரிச்சுட்டாக. நடுவுல என்னைப் பாத்து, நீ சொல்லும்மா, யார் பக்கம் நியாயம்னு கேக்குறாக. நான் தீர்ப்பு சொல்றதே இல்லப்பா. சொல்லிட்டா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திருவாக. அப்புறம் வீடு வெறிச்சுன்னு போயிரும்.”

முருகலட்சுமி கறிவேப்பிலைத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசிங்க என்றாள். கடைக்கு ஆள் வந்து கூப்பிட்டார். இருக்கச் சொல்லிவிட்டு, வாசித்தேன்.